கண்மாய்க் கரையில் கல் பதித்தவன்

வெயில்ல ஏன் சார் நிக்கிறீங்க, இப்படி பஸ் நிழலுக்கு வாங்க. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்த பார்வையிலயே தெரிஞ்சுபோச்சு, இது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஸ்டெப்னி இருக்காம், ஜாக்கிதான் சரியில்லையாம். ஜாக்கி வாங்கிட்டு வர ஆள் போயிருக்கு. பேரையூர்லயே வண்டி ஒரு மாதிரி ஆடிச்சு. கண்டக்டர்கிட்ட சொன்னேன், பின்னாடி இடது பக்கம் காத்து கம்மியா இருக்குய்யான்னு. கேக்கல. யார் சொல்லி யார் கேக்குறா இந்தக் காலத்துல.

இல்ல, அவ இறங்க மாட்டா. அந்த மூணாவது ஜன்னல், பச்சைச் சேலை, அதுதான் என் வீட்டம்மா. செண்பகவல்லி. சொல்லிப் பார்த்துட்டேன். உள்ள அனலா அடிக்குது, இறங்கி வான்னா, "இருக்கட்டும்"ங்கிறா. இந்த அஞ்சு மாசமா அந்த ஒரு வார்த்தைதான். சாப்பிட வான்னா இருக்கட்டும். மக போன்ல கூப்பிடுறா, பேசுன்னா இருக்கட்டும். சண்டை போட்டாலாவது மனுஷன் பதிலுக்குப் பேசலாம். இதுக்கு என்ன பதில் சொல்றது?

தேனிக்குப் போறோம் சார். அங்க ஒரு டாக்டர் இருக்காராம், மனசுக்குப் பார்க்கிறவர். சொல்றதுக்கு என்ன, எனக்கு எதையும் மறைச்சு வச்சுப் பழக்கமில்ல. மூணு வாரம் காத்திருந்து டோக்கன் வாங்கியிருக்கேன். நாலு மணிக்குள்ள போய் உக்காரணும். இல்லேன்னா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருவாங்களாம். இவர் மூணாவது டாக்டர். முதல் டாக்டரம்மாகிட்டயே நல்லாத்தான் சார் ஆச்சு. நல்லா ஆகி, திரும்பவும் இப்படி ஆயிட்டா. அதுதான் எனக்குத் தாங்க முடியல.

நான் பி.டி. மாஸ்டர் சார். தங்கமாரியப்பன். ராஜபாளையம் பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல முப்பத்திரண்டு வருஷம். இப்ப ரிட்டையர் ஆயாச்சு. எங்கம்மா ஏழு வருஷம் படுக்கையில கிடந்தாங்க, பக்கவாதம். குளிப்பாட்டுறது, ஊட்டுறது, புரட்டிப் போடுறது, எல்லாம் செண்பகம்தான். நான் கூடமாட செய்யலாம்தான். ஆனா ஸ்போர்ட்ஸ் மீட்டு அங்க இங்கன்னு பசங்களைக் கூட்டிட்டு அலையணும், ரிட்டையர் ஆன பிறகும் ஊர்ல நம்மளைச் சும்மா விடுறதில்ல. ஒண்ணு சொல்லணும் சார், அந்த ஏழு வருஷத்துல நான் அவளை ஒரு குறை சொன்னது கிடையாது. ஒரு வார்த்தை கிடையாது.

அம்மா போய்ச் சேர்ந்தாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க, இனிமேலாவது செண்பகம் கொஞ்சம் நிம்மதியா இருப்பான்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுக்கப்புறம்தான் சார் ஆரம்பிச்சது. ஈரத்துணியைக் கையில பிடிச்சுக்கிட்டு அம்மா கட்டில் ஓரத்துல உக்காந்திருப்பா. துணி காயிற வரைக்கும் உக்காந்திருப்பா. குக்கர்ல அரிசியைப் போட்டுத் தண்ணி ஊத்தாம அடுப்பைப் பத்த வச்சா ஒரு நாள். பால்காரன் மணியடிச்சதுக்கு அழுதா. பால்காரனே பயந்துபோயிட்டான், நான் ஒண்ணும் சொல்லல சார்ங்கிறான்.

சிவகாசியில ஒரு டாக்டரம்மா. பொறுமையா விசாரிச்சாங்க. மாத்திரை எழுதினாங்க. எழுதிட்டு, சீட்டுல கடைசியா ஒண்ணு சேர்த்தாங்க: தினம் நாப்பது நிமிஷம் நடக்கணும், மரம் செடி தண்ணி இருக்கிற இடமாப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நடக்க வைக்கிறதுக்கு என்கிட்டயே சீட்டா? மறுநாளே ஸ்கூல் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். நானூறு மீட்டர் டிராக், ஓரத்துல நாலு வேப்பமரமும் இருக்கு. கையில ஸ்டாப் வாட்ச். கையை வீசு, முதுகை நிமிர்த்து, மூச்சை மூக்கு வழியா இழுன்னு எல்லாம் முறையாத்தான் சொல்லிக் குடுத்தேன். நாலு நாள் நடந்தா. அஞ்சாம் நாள் மூணாவது ரவுண்டுல டிராக் நடுவுலயே உக்காந்துட்டா. எந்திரிடின்னா எந்திரிக்கல. பசங்க வர்ற நேரம் சார், எனக்கு மானம் போச்சு.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில வீட்ல ஆளைக் காணோம். எட்டு மணி. சொல்லக்கூடாத நினைப்பெல்லாம் வந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துக் கிணத்தை எட்டிப் பார்த்தேன், ரயில்வே கேட் வரைக்கும் சைக்கிள்ல போனேன். கடைசியில எங்க இருக்கா? ஊருக்குக் கீழ்ப்பக்கம் கீழக்கண்மாய்னு ஒண்ணு. அந்தக் கரை மேல நடந்துக்கிட்டிருக்கா. பாதையா அது? மாட்டு வண்டித் தடம் பாதி, முள்ளு பாதி. ரெண்டு பக்கமும் கருவேல மரம். நடையாவது ஒழுங்கா நடக்குறாளான்னா அதுவும் இல்ல. நாலடி நடக்குறது, நிக்கிறது. ஒரு மரத்தைத் தொடுறது, தண்ணியைப் பாக்குறது. நாப்பது நிமிஷத்துல முந்நூறு மீட்டர்கூடத் தாண்டியிருக்க மாட்டா. இப்படி நின்னு நின்னு நடந்தா உடம்புக்கு என்ன சார் பிரயோஜனம்?

ஆனா வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை சாப்பிட்டா. மூணாவது கேட்டா.

சரி, போயிட்டுப் போகட்டும்னு விட்டேன். தினம் போனா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் போன் பண்ணிப் பார்த்துக்குவேன், பத்திரமா இருக்காளான்னு. அப்புறம் போனை வீட்லயே வச்சுட்டுப் போக ஆரம்பிச்சா, மறதி. ஒரு மாசத்துல ஆளே மாறிட்டா சார், பொய் சொல்லல. படுத்தாத் தூங்குறா. டி.வி. பார்த்துச் சிரிக்கிறா. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக் குறைச்சாங்க. எல்லாத்துக்கும் மேல, பேச ஆரம்பிச்சா. ஏழு வருஷமா எங்களுக்குள்ள என்ன பேச்சு இருந்துச்சு? டயப்பர் தீர்ந்துபோச்சு, அத்தை சாப்பிடல, அத்தைக்கு முதுகுல புண்ணு வந்திருக்கு, இவ்வளவுதான். இப்ப வந்து சொல்றா, "ஏங்க, முக்குளிப்பான் குஞ்சு பொரிச்சிருக்கு. குஞ்சை முதுகுல ஏத்திக்கிட்டு நீந்துதுங்க. முங்கும்போது குஞ்சு என்ன செய்யும்னு நாளைக்குப் பாக்கணும்." நான் பேப்பர் படிச்சுக்கிட்டே ம், ம்னு கேட்டுக்குவேன். ஆனா உள்ளுக்குள்ள சந்தோஷம் சார். அவ்வளவு சந்தோஷம்.

ஒரு நாள் நானும் வர்றேன்னு கூடப் போனேன். தெற்குப் பக்கம் ஒரு வளைவு இருக்கு, அங்க நின்னா. நின்னுட்டு என்கிட்ட மெதுவாச் சொன்னா, "இங்க எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்லைங்க." அதைச் சொல்லும்போது அவ முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்ல.

நானும் சுத்திப் பார்த்தேன். எனக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் செய்ய வேண்டியதுதான் தெரிஞ்சுது. முள்ளு. மேடு பள்ளம். மேற்குப் பக்கம் ஜனங்க வெளிக்குப் போற இடம். பிளாஸ்டிக் குப்பை. பாம்பு வேற இருக்குன்னாங்க. என் வீட்டம்மாவுக்கு உயிர் குடுத்த இடம் இப்படிக் கிடக்கலாமா? அவ ஒருத்திக்கே இவ்வளவு நல்லதுன்னா ஊருக்கே எவ்வளவு நல்லது? நீங்களே சொல்லுங்க, நான் நினைச்சதுல தப்பு உண்டா?

சங்கம் ஆரம்பிச்சேன் சார். கீழக்கண்மாய் நடைப்பயிற்சியாளர் சங்கம். முதல் கூட்டத்துக்கே நாப்பத்திரண்டு பேர். ஜவுளிக்கடை கணேசமூர்த்தி தலைவர், நான் செயலாளர். ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். பெட்டிஷன், போட்டோ, ஆள் பிடிக்கிறது, எல்லாம் நான்தான். ஆறு மாசத்துல முடிச்சுக் காட்டினேன் சார்! கரையை அகலப்படுத்தி எட்டடிக்குப் பேவர் பிளாக் கல்லு. சிமெண்ட் பெஞ்சு பன்னிரண்டு. நூறு மீட்டருக்கு ஒரு லைட்டு. காலையில சுக்குக் கசாயம் இலவசம். ஒலிபெருக்கி வச்சு பக்திப் பாட்டு, பாட்டுக்கு நடுவுல உடற்பயிற்சிக் குறிப்பு, என் குரல்லயே பதிவு பண்ணிக் குடுத்தேன். கையை வீசி நடங்க, முதுகை நிமிர்த்துங்கன்னு. கண்மாயைச் சுத்தி எந்த மூலையில நின்னாலும் கேக்கும்.

ஜே.சி.பி. வர்றதுக்கு முந்தின நாள் செண்பகம் கேட்டா, "ஏங்க, அந்தத் தெற்கு வளைவை மட்டும் விட்டுருங்களேன். கூடு இருக்கு." நான் சொன்னேன், பாதி போட்டுப் பாதி விட்டா பார்க்கிறவன் என்ன சொல்லுவான், காசைத் தின்னுட்டான்ம்பான். பறவைக்குத்தான் றெக்கை இருக்கே, வேற கண்மாய் பார்த்துக்கும்னு. அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. சம்மதம்னு நினைச்சேன். ஜே.சி.பி.க்காரனுக்குச் சீமைக்கருவேலம் எது, நாட்டுக்கருவேலம் எதுன்னு தெரியாது. நானும் பக்கத்துல இல்ல. ஒரே நாள்ல மொத்தமாச் சாய்ச்சுட்டான். கரை பளிச்சுன்னு ஆயிருச்சு. ரோட்டுல நின்னாலே அந்தக் கடைசி வரைக்கும் தெரியும்.

திறப்பு விழா அன்னைக்கு இவதான் ரிப்பன் வெட்டணும்னு நான் பிடிவாதமா நின்னேன். தலைவருக்கே கொஞ்சம் வருத்தம், அவர் சம்சாரம் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாங்க. நுழைவு வாசல்ல பெரிய ஃபிளெக்ஸ் வச்சிருந்தேன். இவளுக்கே தெரியாம, ஆச்சரியமா இருக்கட்டும்னு. ரெண்டு போட்டோ. அன்று, இன்று. அன்றுங்கிறது அம்மா காரியத்தப்ப எடுத்தது, தலைகூட வாரியிருக்க மாட்டா, கண்ணு எங்கயோ பார்க்கும். இன்றுங்கிறது கொழுந்தியா மக கல்யாணத்துல எடுத்தது, பூ வச்சுச் சிரிச்சுக்கிட்டு. கீழ எழுதியிருந்தேன், மன நோயை வென்ற மங்கை, நடைப்பயிற்சியின் நேரடிச் சாட்சின்னு. மைக்குலயும் எல்லாத்தையும் சொன்னேன். குக்கர் கதை, பால்காரன் கதை, டிராக்ல உக்காந்தது, எல்லாம். இருநூறு பேருக்குக் குறையாது. கைதட்டினாங்க.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீங்க? சர்க்கரைன்னா சொல்றோம்ல? பிரஷர்னா சொல்றோம்ல? மனசுக்கு வந்தா மட்டும் என்ன, மூடி மறைக்கணுமா? நாலு பேருக்கு உபயோகப்படட்டும்னுதானே சொன்னேன்?

ரிப்பன் வெட்டினா. ஒரு சுத்து நடந்தா. பொம்பளைங்க பத்துப் பேர் சுத்திக்கிட்டாங்க. "மதினி, இப்ப நல்லாத் தூக்கம் வருதா?" "மதினி, அழுகை சுத்தமா நின்னுருச்சா?" "என் மருமவகூட இப்படித்தான் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு இருக்கா, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." எல்லாருக்கும் தலையாட்டிக்கிட்டே நடந்தா. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழுவினா, துடைச்சா, பேப்பர்ல சுத்தி பீரோ மேல வச்சா. அவ்வளவுதான் சார். மறுநாள்ல இருந்து வாசப்படி தாண்டல.

முதல்ல உடம்பு அசதின்னு நினைச்சேன். ஒரு வாரம். பத்து நாள். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன், பெஞ்சுல உக்காந்துட்டா, தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. அப்ப பார்த்து ஒலிபெருக்கியில நான் பேசுறேன், முதுகை நிமிர்த்துங்கன்னு. நிமிர்ந்து உக்காந்தா சார். யாரோ அதட்டின மாதிரி நிமிர்ந்து உக்காந்தா. எனக்கு என்னவோ மாதிரி ஆயிருச்சு, கூட்டிட்டு வந்துட்டேன். குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், ரூமை விட்டு வரல. மக ஓசூர்ல இருந்து வந்து ஒரு வாரம் இருந்தா. போறப்போ என்கிட்ட, "அப்பா, அம்மாவுக்கு நீங்க இனிமே ஒண்ணுமே செய்யாதீங்க"ன்னுட்டுப் போறா. ஒண்ணுமே செய்யாம எப்படி சார் இருக்க முடியும்? புருஷன் நான். இவ இப்படி உருகிக்கிட்டு இருக்கும்போது கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றாளா?

ஒரு நாள் தாங்க முடியாமக் கத்திட்டேன். யாருக்காகடி செஞ்சேன், அத்தனையும் யாருக்காகடி செஞ்சேன்னு. என்னைப் பார்த்தா. "எனக்காகத்தான்"னா. கோபமாச் சொல்லல. கிண்டலாவும் சொல்லல. கோபமாச் சொல்லியிருந்தா நான் பொழைச்சிருப்பேன்.

சங்கத்துல கேட்டேன், ஒலிபெருக்கியை மட்டுமாவது எடுத்துருவோமேன்னு. கணேசமூர்த்தி சொல்றாரு, "மாஸ்டர், அதெல்லாம் பொதுக்குழு முடிவு, நீங்க எழுதின விதிதானே." விதிப்படி மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும். தூக்கினது என் கை ஒண்ணுதான். இப்ப நூத்திப் பத்துப் பேர் நடக்கிறாங்க சார் அங்க. எத்தனையோ பேருக்குச் சர்க்கரை குறைஞ்சிருக்கு, என்னைக் கண்டாக் கும்பிடுறாங்க. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கல. கருவேலத்தை யாராவது நட்டுப் பார்த்திருக்கீங்களா? நான் நட்டேன். நாட்டுக்கருவேலங் காய் பொறுக்கி, விதை எடுத்து, தெற்கு வளைவுல கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண்ணுல ஊனினேன். பார்த்தவன் எல்லாம் சிரிக்கிறான், மாஸ்டர் முள்ளு வளர்க்கிறாருன்னு. ரெண்டு முளைச்சுது. ஆடு மேஞ்சிருச்சு.

பயமா இருக்கு சார். வெளிய காட்டிக்கிறதில்லையே தவிர, ரொம்பப் பயமா இருக்கு. போன மாசம் முழுக்க ஒரு வேளைச் சோறுதான் சாப்பிட்டா. அதுவும் நான் பார்த்துக்கிட்டே இருந்தா சாப்பிட மாட்டா, அந்தப் பக்கம் போகணும். ரெண்டாவது டாக்டர் மாத்திரையைக் கூட்டினாரு. கை நடுங்குது, வேற ஒண்ணும் ஆகல. இந்தத் தேனிக்காரர்தான் கடைசி நம்பிக்கை. இவரும் நடக்கச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? எங்க கூட்டிட்டுப் போவேன்?

ஆங், ஜாக்கி வந்துருச்சு. போல்ட்டைக் கழட்டுறான் பாருங்க. இன்னும் கால் மணி நேரம். நாலு மணிக்குள்ள போயிரலாம்னுதான் தோணுது.

சார். சார், அந்த ஜன்னல்ல ஆள் இருக்கா? பச்சைச் சேலை. மூணாவது ஜன்னல். இல்லையே. இந்தப் பக்கமும் இல்லையே. யம்மா, பாப்பா, இந்த சீட்ல இருந்த அம்மா எங்க? எப்ப இறங்கினாங்க? அடக் கடவுளே, நான் இங்க நின்னு கதை அளந்துக்கிட்டு...

எங்க? எங்க சார் காட்டுறீங்க? அந்தக் கரையிலயா?

ஆமா. அவதான்.

என்ன கண்மாய் சார் இது? பேர் தெரியாதா? எனக்கும் தெரியல. இத்தனை நேரம் இதுக்கு எதிர்லதான் நிக்கிறோம், நான் கவனிக்கவே இல்ல. தண்ணி கொஞ்சம்தான் கிடக்கு. ஒரே முள்ளு. செருப்பு போட்டிருக்காளான்னு தெரியல. அதோ நின்னுட்டா பாருங்க. நாலடி நடக்குறா, நிக்கிறா. குனிஞ்சு எதையோ பார்க்கிறா. அஞ்சு மாசம் சார். அஞ்சு மாசத்துல அவளா எந்திரிச்சு அவளா நடக்குறது இதுதான் முதல் தடவை. நான் சொல்லல. யாரும் சொல்லல.

கூடப் போகவா? ஒரு கால் எடுத்து வச்சுட்டேன் பாருங்க, பழக்கம். வேண்டாம். இல்ல, முள்ளுல ஏதாவது... வேண்டாம், வேண்டாம். அப்படி என்னதான் சார் இருக்கு அங்க? நாலு முள்ளு மரமும் கலங்கல் தண்ணியும். எனக்குச் சத்தியமாப் புரியல. அதைவிட நல்லாத்தானே நான் செஞ்சு குடுத்தேன்?

என்ன, அதுக்குள்ள மாட்டியாச்சா? ஹாரன் அடிக்கிறான். ஏறுங்க சார் நீங்க, இடம் போயிரும். கண்டக்டர், ஒரு அஞ்சு நிமிஷம். ஒரு அஞ்சே நிமிஷம்யா. தெரியுது, லேட்டுன்னு தெரியுது. எனக்கும் டோக்கன் இருக்கு. ஆமா, என் வீட்டம்மாதான். கூப்பிடுறேன். கூப்பிடுறேன்னு சொல்றேன்ல?

சார், நீங்க சொல்லுங்க. கூப்பிடவா? கூப்பிட்டா வந்துருவா. அது எனக்குத் தெரியும். என் சத்தம் கேட்டா அந்த நிமிஷமே திரும்பி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து அந்த சீட்ல உக்காந்துக்குவா. முப்பத்தாறு வருஷமா ஒரு தடவைகூட வராம இருந்ததில்ல. வந்து உக்காந்தா அப்புறம் என்னைக்கு எந்திரிப்பா? கூப்பிடலேன்னா டாக்டர் போச்சு. அவ எப்பத் திரும்புவா, திரும்புவாளா, ஒண்ணும் தெரியாது. வாயைத் திறந்துட்டேன் சார். திறந்துட்டேன், சத்தம் வர மாட்டேங்குது.

போங்க. கண்டக்டர், நீங்க எடுங்க வண்டியை. ஆமாய்யா, ரெண்டு டிக்கெட்டும் இங்கயே இறங்கிக்கிறோம். கத்தாத, ஹாரனை அடிக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும். சார், அந்த சீட்டுக்குக் கீழ ஒரு நீலப் பை இருக்கும், அதை மட்டும் ஜன்னல் வழியா எடுத்துக் குடுங்க. தண்ணி பாட்டிலும் இருக்கும். அதுதான். சரி சார்.

நான் இங்க ரோட்டு நடுவுல நின்னா, திரும்பும்போது அவ பார்த்துருவா. பார்த்தா வந்துருவா. இந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிறேன். எனக்கு உடம்பு கொஞ்சம் பெருசு. வண்டி நகர்றதுக்குள்ள அந்த ஜன்னல்ல இருந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டுப் போங்க சார். கரையில இருந்து பார்த்தா நான் தெரிவேனா?